வெர்புக்குப் பின்னாடி 'டு'வா, 'ஐஎன்ஜி'யா?

வணக்கம் மக்களே! 'ஐ என்ஜாய் டு ரீட்' தப்பு, 'ஐ என்ஜாய் ரீடிங்' சரி. ஆனா 'ஐ வான்ட் ரீடிங்'னு சொல்ல முடியாது. பேர்ச்சொல் மாதிரி வேலை பார்க்கிற இந்த 'ரீடிங்'தான் ஜெரண்ட். எந்த வெர்ப் இதைக் கேட்கும்னு இன்னைக்குப் பார்த்துடலாம்.

ஒரு பிடிமானம் சொல்றேன். இனிமே நடக்கப்போறதைச் சொன்னா பெரும்பாலும் 'டு' வரும்: வான்ட், ஹோப், டிசைட், ரெஃப்யூஸ். ஏற்கெனவே நடந்தது, நடந்துக்கிட்டே இருக்கிறதுன்னா ஐஎன்ஜி: என்ஜாய், ஃபினிஷ், அட்மிட், டினை, கீப். ஆனா இதையே முழுசா நம்பி இறங்கிடாதீங்க. போஸ்ட்போன், கன்சிடர், சஜஸ்ட் மூணும் இனிமேல் நடக்கப்போறதைப் பத்தித்தான் பேசுது, ஆனாலும் ஐஎன்ஜிதான் வரும். அதனால வெர்பைத் தனியா மனப்பாடம் பண்ணாம ஜோடியா வாய்விட்டுச் சொல்லுங்க: 'கன்சிடர் சேஞ்சிங்', 'அவாய்ட் டிரைவிங்'.

ரொம்பப் பேர் மாட்டிக்கிற இடம் சஜஸ்ட். 'ஹி சஜஸ்டட் மீ டு கோ'ன்னு சொல்லவே கூடாது. 'ஹி சஜஸ்டட் கோயிங்', இல்லைன்னா 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ'. அட்வைஸ் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறதாலதான் இந்தக் குழப்பம். அட்வைஸ், அலவ் ரெண்டுக்கும் பின்னாடி ஆள் வந்தா 'டு' போடணும், ஆள் இல்லைன்னா ஐஎன்ஜி. 'தே டோன்ட் அலவ் பார்க்கிங் ஹியர்', ஆனா 'தே டோன்ட் அலவ் அஸ் டு பார்க் ஹியர்'. இந்த ஒண்ணு பிடிபட்டாலே பாதித் தப்பு குறைஞ்சிடும்.

அடுத்து மெயில் கடைசியில வர்ற 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. 'மீட்டிங் யூ'ன்னுதான் வரணும். இங்க இருக்கிற 'டு' ஒரு பிரிப்பொசிஷன், அதாவது பேர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற சொல். சந்தேகம் வந்தா அதுக்குப் பின்னாடி ஒரு பேர்ச்சொல்லை வச்சுப் பாருங்க: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ட்ரிப்'. பொருந்துதுல்ல? அப்போ வெர்ப் வந்தாலும் ஐஎன்ஜியோடதான் வரணும். 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்' இதே கதைதான், அர்த்தம் 'எனக்குப் பழக்கமாயிடுச்சு'. 'ஐ யூஸ்ட் டு வொர்க் லேட்'னா முன்னாடி அப்படி வேலை பார்த்தேன், இப்போ இல்லை.

சில வெர்புக்கு ரெண்டுமே வரும், ஆனா அர்த்தமே மாறிடும். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்'னா சிகரெட்டை விட்டுட்டார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்'னா செஞ்சுக்கிட்டிருந்ததை நிறுத்திட்டு ஒரு சிகரெட் பத்தவச்சார்! 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்பது மறக்காம பூட்டுன்னு சொல்றது. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'னா பூட்டினது ஞாபகம் இருக்கு. ஃபோன் ஹேங் ஆனா 'ட்ரை ரீஸ்டார்ட்டிங் இட்'னு சொல்லுங்க, அதாவது அதைச் செஞ்சுதான் பாரேன். 'ட்ரை டு'ன்னா முயற்சி பண்ணு, அது கஷ்டமா இருக்கலாம்.

மைண்டுக்கும் ஐஎன்ஜிதான்: 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?' இதுக்குச் சம்மதம்னா 'நோ, நாட் அட் ஆல்'னு பதில் சொல்லுங்க. வெறும் 'யெஸ்'னா, 'எனக்கு ஆட்சேபம் இருக்கு'ன்னு ஆயிடும்.