61 நாள் தடைக்காலமும் 28 நாள் ரீசார்ஜும்: மிச்ச நிமிடம் எங்கே போகிறது?

(காட்சி: பாம்பன் கரை, நண்பகல். வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் விசைப்படகுகள். நிழலில் உட்கார்ந்து ஒருவர் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய செல்பேசி சும்மா கிடக்கிறது.)

குரல்:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரைக்கு அது மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்ததை 2017-இல் 61 நாட்களாக்கினார்கள்.

தடை தொடங்கும் அன்று உங்கள் செல்பேசிக்கு 28 நாள் ரீசார்ஜ் பேக் ஒன்று போடுங்கள். மே 12 இரவோடு தீர்ந்துவிடும். மறுநாள் இன்னொன்று போட்டால் ஜூன் 9 வரை தாங்கும். ஜூன் 10 முதல் 14 வரை ஐந்து நாட்கள் தொங்கலில் நிற்கும். வருமானமே இல்லாத இரண்டு மாதத்தின் கடைசியில், அந்த ஐந்து நாட்களுக்காக மூன்றாவது ரீசார்ஜ். படகுக்குத் தடை உண்டு, பேக்குக்குக் கிடையாது.

(காட்சி: சிறிய ரீசார்ஜ் கடை. கல்லாவுக்குப் பின்னால் மாத நாள்காட்டி.)

என் சித்தப்பா பாம்பனில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். போன தடைக்காலத்தில் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு மூதாட்டி வந்தார்.

“தம்பி, போன மாதம் நான் யாருக்குமே பேசவில்லை. அந்த நிமிடமெல்லாம் இந்த மாதக் கணக்கில் சேர்ந்திருக்கும்தானே?”

“சேராது ஆத்தா.”

“ஏன் சேராது? காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

(காட்சி: கரும்பலகையில் வரைந்த நான்கு பெட்டிகள்.)

உங்கள் எண்ணுக்கு நிறுவனத்தின் கணினியில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பல பெட்டிகள் உள்ள அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் ரூபாய், ஒன்றில் நிமிடங்கள், ஒன்றில் எஸ்எம்எஸ், இன்னொன்றில் டேட்டா. ரூபாய்ப் பெட்டியைத் தவிர மற்றவை ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி ஒட்டியிருக்கிறது. நீங்கள் பேசத் தொடங்கியதும் கணினி பொருத்தமான பெட்டியைத் திறந்து கழிக்கிறது. தேதி கடந்தால் பெட்டியில் எவ்வளவு இருந்தாலும் அதைச் சுழியாக்கிவிடுகிறது. ஆத்தாவின் நிமிடங்களை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பதிவு அழிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். பேக் என்பது ஐஸ் பெட்டியில் வைத்த மீன். ஐஸ் உருகும்வரைதான் விலை. டாப்-அப், அதாவது கணக்கில் ஏற்றும் வெறும் ரூபாய், கருவாடு. பானையில் போட்டு மூடி வைத்தால் கிடக்கும்.

இது வெறும் உவமை இல்லை, விதியிலேயே இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2012-இல் ப்ரீபெய்டு வவுச்சர்களை வகை பிரித்தது. அதில் டாப்-அப் என்பது ரூபாய் மதிப்பை மட்டும் தருவது. அந்தப் பணத்துக்குக் கால வரம்பு வைக்கக் கூடாது. பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் 7 ரூபாய் 47 காசு கணக்கில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். 1 ரூபாய் 53 காசு ஜிஎஸ்டிக்குப் போகிறது, ஒரு ரூபாய் செயலாக்கக் கட்டணமாகப் போகிறது. மிச்சம் இருக்கும் 7.47 அடுத்த மாதமும் உங்களுடையது, அதற்கடுத்த மாதமும் உங்களுடையது.

ஆனால் இந்தக் கருவாட்டுப் பானைக்குப் பூட்டு உண்டு. சாவி பேக்கிடம் இருக்கிறது. 2018-இன் கடைசியில் பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்தன. அப்போது அது 35 ரூபாய். அதிலிருந்து, செல்லுபடியாகும் பேக் இல்லையென்றால் கணக்கில் பணம் இருந்தும் பேச முடியாது. சில நாட்கள் கழித்து உள்வரும் அழைப்பும் நின்றுபோகும்.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். 2005-இன் இறுதியில் 999 ரூபாய் கட்டி ‘லைஃப்டைம்’ இணைப்பு வாங்கியவர்கள் அவர்கள். ஆயுள் முழுவதும் உள்வரும் அழைப்பு இலவசம் என்று நம்பினார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை. நிறுவனத்துக்கு அரசு கொடுத்த உரிமத்தின் ஆயுள் அது.

(காட்சி: உலக வரைபடம். அமெரிக்கா, சீனா, தென்னாப்பிரிக்கா ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

மிச்ச நிமிடத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சிங்குலர் என்ற நிறுவனம் 2002-இல் ‘ரோல்ஓவர்’ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. மாதக் கட்டணத் திட்டத்தில் பேசாமல் விட்ட நிமிடங்கள் 12 மாதங்கள் வரை சேர்ந்துகொண்டே வரும். அதே நாட்டின் ட்ராக்ஃபோன் போன்ற ப்ரீபெய்டு சேவைகளில் வேறு கணக்கு: சேவை முடியும் தேதிக்குள் அடுத்த ரீசார்ஜைப் போட்டால் பழைய நிமிடங்கள் புதியவற்றோடு சேரும். தேதியைத் தவறவிட்டால் பழையவை அழிந்துவிடும். சீனாவில் மூன்று நிறுவனங்களும் 2015 அக்டோபர் முதல் மிச்ச டேட்டாவை அடுத்த மாதத்துக்கு விடத் தொடங்கின. தென்னாப்பிரிக்காவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த விதி, டேட்டாவைக் கொண்டுசெல்லும் வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய மிச்சம் முதலில் கழிகிறதா, புதியது முதலில் கழிகிறதா? 2015-இல் அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனம் கொண்டுவந்த டேட்டா ரோல்ஓவரில் புதிய மாத டேட்டா முழுவதும் தீர்ந்த பிறகுதான் பழைய மிச்சத்தைத் தொட முடியும். அந்தப் பழைய மிச்சத்துக்கோ ஒரு மாதம்தான் ஆயுள். நேற்றைய குழம்பைத் தொடாதே, இன்றைய குழம்பு தீரட்டும் என்று சொல்லிவிட்டு, இரவில் நேற்றைய குழம்பைக் கொட்டுகிற வீடு அது. ‘கேரி ஓவர் உண்டு’ என்று எழுதியிருந்தால் மட்டும் மயங்காதீர்கள். எது முதலில் கழிகிறது என்று கேளுங்கள்.

நிறுவனங்களின் பக்கம் ஒரு வாதம் உண்டு. நேற்று மூன்று மணிக்குக் கோபுரத்தில் சும்மா இருந்த அலைவரிசையை இன்றைக்கு எடுத்துவைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் விற்றது அலைவரிசையை அல்ல, பேசும் உரிமையை. அது கணினியில் ஓர் எண். எண்ணுக்கு ஐஸ் தேவையில்லை.

(காட்சி: மீண்டும் பாம்பன். பாலத்தின் மேல் பஸ். தூரத்தில் படகுகள்.)

சரி, இங்கே வருவோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நிமிடக் கணக்கே மெல்ல மறைந்தது. இப்போது பெரும்பாலான பேக்குகளில் பேச்சு வரம்பற்றது. வரம்பற்றதில் மிச்சம் என்று எதைச் சொல்வது? மிச்சமாவது இரண்டு: அன்றாட டேட்டா, நாட்கள்.

அன்றாட டேட்டா நள்ளிரவில் அழிகிறது. கடலுக்குப் போனவருக்குக் கோபுரம் எட்டாத தூரத்தில் அது ஒரு துளிகூடச் செலவாகாது. ஒன்றரை ஜிபி அப்படியே மூழ்கும். திங்கள் முதல் வெள்ளி வரை மிஞ்சியதைச் சனி, ஞாயிறுக்குச் சேர்த்துத் தரும் வசதியை வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனம் சில ப்ரீபெய்டு பேக்குகளில் கொண்டுவந்தது. அது நம் மீனவருக்கு ஓரளவு பொருந்தும். சனிக்கிழமையும் அவர் கடலில் இல்லாதிருந்தால்.

நாட்கள் விஷயத்தில்தான் கையில் பிடி கிடைக்கிறது. பேக் முடிவதற்கு முன்பே அடுத்ததைப் போட்டால், ஜியோவில் புதியது வரிசையில் காத்திருக்கும். பழையது முடிந்த பிறகே தொடங்கும். ஒரு நாளும் வீணாகாது. எல்லா வவுச்சரும் இப்படி நடந்துகொள்ளாது. உடனே தொடங்கிவிடும் வவுச்சரை முன்கூட்டியே போட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். நான் ஒருமுறை அப்படி ஆறு நாட்களை இழந்தேன். அதனால் பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி: “அண்ணே, இது வரிசையில் நிற்குமா, இப்போதே ஓடத் தொடங்குமா?”

28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், 364 நாட்கள். மாதச் சம்பளக்காரருக்கே இது உறுத்தியதால், 30 நாள் பேக் ஒன்றும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கேட்டால்தான் காட்டுவார்கள். 2024 டிசம்பரில் இன்னொரு திருத்தம்: டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள வவுச்சர் இருக்க வேண்டும். இத்தகைய சிறப்பு வவுச்சர்களின் உச்ச வேலிடிட்டியும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. அதன்பின் 84 நாள் பேச்சு பேக்குகள் வந்தன. தடைக்காலக் கணக்கை இதோடு ஒட்டிப்பாருங்கள். ஏப்ரல் 15 அன்று 84 நாள் பேக் போட்டால் ஜூலை 7 வரை வரும். தடை முடிந்து மூன்று வாரம் மீன் பிடித்த பிறகுதான் அடுத்த ரீசார்ஜ். ஆத்தாவின் பட்டன் செல்பேசிக்கு டேட்டாவே வேண்டாம், அவருக்கும் இதுதான்.

(காட்சி: கீழக்கரைத் தெரு. பழைய மரக் கதவு.)

கீழக்கரைச் சபராளிகளுக்கு, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர்களுக்கு, தனியாக ஒரு சொல். வளைகுடாவுக்குப் புறப்படும்போது உள்ளூர் சிம்மை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார்கள். வங்கி ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாயும் இல்லாமல் போனால் எண்ணையே நிறுத்திவிடலாம். 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாட்கள் எண்ணை வைத்திருப்பார்கள். எண் உயிரோடு இருக்கும். ஓடிபி வர வேண்டுமானால் பேக்கும் வேண்டும். தொலைந்த எண்ணை நிறுவனம் பின்னால் வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

(காட்சி: தனுஷ்கோடி. சாலை முடியும் இடம், இருபுறமும் கடல்.)

இங்கே செல்பேசி சில நேரம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி காட்டும். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். உள்நாட்டு பேக்கின் வரம்பற்ற பேச்சு அந்தக் கோபுரத்தில் செல்லாது. அமைப்புகளில் ரோமிங்கை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

(காட்சி: மறுபடியும் சித்தப்பாவின் கடை.)

ஆத்தாவுக்குப் பதிலைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அந்த 84 நாளையே போடு” என்றார். சித்தப்பா நாள்காட்டியில் ஜூலை மாதத்தைப் புரட்டி, பேக் முடியும் தேதிக்கு முந்தின நாளில் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘ஆத்தா’ என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பதினோரு வட்டங்கள் இருந்தன.