அந்த மூன்று அத்தியாயங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

(கொழிஞ்சாம்பாறையில் வாசிப்பு வாரத்தையொட்டி நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தமிழும் மலையாளமும் கலந்து உட்கார்ந்திருக்கும் சபை இது. நான் தமிழில் பேசுகிறேன். மலையாளத்தில் கேள்வி வந்தால் மலையாளத்திலேயே பதில் சொல்லிவிடலாம்.

டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் ‘தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் வட்டத்தில் அதைப் படிக்க எடுத்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் முதல் பாகத்தில் நூறு பக்கம் தாண்டியதும் மூடி வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் முடித்த கையோடு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். “பரவாயில்லை, ஒரு தடவை படிக்கலாம்” என்று சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது நம்மூர்ச் சண்டை மட்டும் இல்லை. மூன்றாம் பாகத்துக்கு 1956 ஜனவரியில் மதிப்புரை எழுதிய கவிஞர் ஆடன் இதையேதான் சொன்னார். இவ்வளவு காரசாரமாக வாதாட வைத்த புத்தகம் வேறு நினைவில் இல்லை, மிதமான அபிப்பிராயம் யாருக்குமே இல்லை, ஒன்று தலைசிறந்த படைப்பு என்கிறார்கள், இல்லையென்றால் சகிக்கவே முடியவில்லை என்கிறார்கள் என்றார். அவர் முதல் கட்சி. அதே ஆண்டு ஏப்ரலில் எட்மண்ட் வில்சன் என்ற பெரிய அமெரிக்க விமர்சகர், சிறுபிள்ளைகளுக்கான குப்பை என்று எழுதித் தள்ளினார். நாற்பது வருஷம் கழித்து, 1997-இல், பிரிட்டனில் நூற்றாண்டின் சிறந்த புத்தகம் எது என்று வாசகர்களைக் கேட்டபோது இதுதான் முதலில் வந்தது. 2003-இல் பிபிசி கேட்டபோதும் இதுதான். இரண்டு தடவையும் விமர்சகர்களில் ஒரு சாரார் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நான் எந்தக் கட்சி என்பதை மறைக்கப் போவதில்லை. எனக்கு இது மிகப் பெரிய புத்தகம். ஆனால் எதிர்க்கட்சி சொல்வதில் ஒன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீளம் என்ற புகார். 1937-இல் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ வந்தது, நன்றாக ஓடியது. பதிப்பாளர் இன்னொன்று கேட்டார். அந்த இன்னொன்று வெளிவர 1954 ஆகிவிட்டது. நடுவில் ஒரு உலகப் போரே நடந்து முடிந்தது. பதிப்பாளர் மகன் ரேனர் அன்வின், ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று தகப்பனுக்கு எழுதினார். மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் அந்த ஆயிரத்தை இழக்கலாம் என்று தகப்பன் பதில் போட்டார். கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் ஒரே கதையை மூன்றாக வெட்டினார்கள். 1954-இல் இரண்டு பாகம், 1955 அக்டோபரில் மூன்றாவது. அதனால் முதல் பாகம் பாதியில் நிற்கிறது என்று குறைப்படுகிறவர்கள் எழுத்தாளனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் எழுதியது ஒரே கதை.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் பாகத்தை மூடியவர்களிடம் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் சொன்னது டாம் பாம்படில் வீடு. ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு பகுதி உண்டு; இது முதல் பகுதியின் ஆறு, ஏழு, எட்டாம் அத்தியாயங்கள். தீய மோதிரம் ஒன்றைச் சுமந்துகொண்டு நண்பர்களோடு போகிற ஃபிரோடோவை, ஹாபிட் என்ற குள்ள இனத்துக்காரனை, கறுப்புக் குதிரைக்காரர்கள் துரத்துகிறார்கள், உயிர் கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு மனிதன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இவர்களை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போடுகிறான். கதை நின்றுவிடுகிறது. 2001-இல் வந்த படத்தில் இந்த ஆளையே எடுத்துவிட்டார்கள். படம் பார்த்தவர்கள் யாரும் அவனைத் தேடவில்லை. அப்படியானால் வேண்டாத சதைதானே என்று நம் வட்டத்துக் கல்லூரிப் பெண் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

எட்டாம் அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பாம்படில் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் மூடுபனியில் வழி தவறிப் பழைய அரசர்களின் புதைமேட்டுக்குள் சிக்குகிறார்கள். ஃபிரோடோ கண் விழிக்கிறான். பக்கத்தில் மூன்று நண்பர்களும் வெளிறிப்போய்க் கிடக்கிறார்கள், மூன்று கழுத்துக்கும் குறுக்கே ஒரே நீள வாள். மூலையிலிருந்து ஒரு கை, விரல்களால் நடந்து, வாளின் பிடியை நோக்கி வருகிறது. மோதிரத்தை மாட்டிக்கொண்டால் மறைந்துவிடலாம், தான் மட்டும் தப்பித்து ஓடலாம், வேறு வழியில்லை என்று அவனுக்கு வழிகாட்டும் மந்திரவாதி காண்டால்ஃபே ஒப்புக்கொள்வார் என்று அவன் மனசு நியாயம் பேசுகிறது. அவன் மாட்டவில்லை. கிடந்த வாளை எடுத்து அந்தக் கையை வெட்டுகிறான். யாரும் பார்க்காத இருட்டில், யாரும் சொல்லித்தராமல், அவன் எடுக்கிற முதல் முடிவு இது. இவன் மோதிரத்தைச் சுமக்கத் தகுந்தவன் என்று நான் நம்பியது இந்த இடத்தில்தான். பெரிய சபை கூடி எல்லோரும் முடிவெடுக்கிற அத்தியாயம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

இன்னும் ஒன்று. அந்தப் புதைமேட்டிலிருந்து பாம்படில் நாலு ஹாபிட்டுகளுக்கும் ஆளுக்கு ஒரு குறுவாள் எடுத்துக் கொடுக்கிறான். வடதேசத்து மனிதர்கள் ஆங்மார் என்ற சூனிய ராஜ்யத்தோடு போரிட்ட காலத்தில் அடித்தவை. அதை மறந்துவிட்டு நாம் எத்தனையோ நூறு பக்கம் போய்விடுகிறோம். மூன்றாம் பாகத்தில், பெலென்னார் போர்க்களத்தில், எந்த ஆண்மகனாலும் வீழ்த்த முடியாது என்ற அந்த ஆங்மார் மன்னனுக்கு எதிரே எயோவின் என்ற பெண் நிற்கிறாள். அவன் முழங்காலுக்குப் பின்னால் குத்துகிறவன் அந்த நாலு ஹாபிட்டுகளில் ஒருவனான மெர்ரி. குத்திய ஆயுதம் அந்தக் குறுவாள். வேறெந்த ஆயுதமும் அந்த எதிரிக்கு அப்படியொரு காயத்தைத் தந்திருக்காது என்கிறார் டோல்கீன். வாள் புகைந்து அழிந்துபோகிறது. அந்த இடத்தில் போரை நிறுத்தி வைத்துவிட்டு, எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் பொறுமையாக உட்கார்ந்து அந்த வாளை அடித்த பெயர் தெரியாத மனிதனை நினைக்கிறார். இது என்ன ஆயிற்று என்று தெரிந்திருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான் என்கிறார்.

படத்தில் அந்த வாள்களை, அவர்களுக்குத் துணையாக வருகிற வீரன் அரகார்ன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். குறை சொல்லவில்லை, சினிமாவுக்கு நேரக் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கொல்லன் போய்விட்டான். மூன்று அத்தியாயத்தைத் தாண்டியவர்களுக்கும் அவன் கிடைக்க மாட்டான்.

இந்த மாதிரிக் கதை சொல்லலைப் பொறுமையில்லாமல் கேட்பது நம் ஜில்லாக்காரர்களுக்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாலக்காட்டுப் பகவதி கோவில்களில் கூத்துமாடம் கட்டித் தோல்பாவைக் கூத்து நடத்துகிற மண் இது. 21 விளக்கு வரிசையாக ஏற்றி, திரைக்குப் பின்னால் நின்று, மலையாள நாட்டில் கம்பனின் தமிழ்ப் பாட்டைச் சொல்லி இராமகதை நடத்துகிறார்கள். 7 ராத்திரி, 14 ராத்திரி, 21 ராத்திரி, சில இடங்களில் இன்னும் கூட. புலவர் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு அதற்குப் பொருள் விரிக்க ஆரம்பித்தார் என்றால் இலக்கணம், வைத்தியம், ஜோதிடம், வேறு புராணம் என்று எங்கெங்கோ போய்த் திரும்புவார். அம்பு விட்டபடியே நிற்கும். விடிகிற வரை நடக்கும். தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் இராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதீகம். அதனால் எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டைக் குறைக்க மாட்டார்கள். டோல்கீன் எழுதியது அந்த மாதிரிக் கேட்பவருக்கு. கதை எப்போது நகரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூத்தும் பிடிக்காது, இந்தப் புத்தகமும் பிடிக்காது.

டோல்கீனுக்கே இந்தச் சண்டை தெரியும். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார்: சிலருக்குக் குறையாகப் படுகிற அத்தியாயங்களையே வேறு சிலர் தனியாகப் பாராட்டுகிறார்கள் என்று. கடைசியில் ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறார். புத்தகம் ரொம்பச் சின்னது. எனக்கும் அதே குறைதான்.

பெண்கள் குறைவு என்ற புகார் உண்டு. உண்மை. எயோவின், கலாட்ரியேல் இருவரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், அதற்கு மேல் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இப்போது தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எதிரிகள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறார்கள். நிறம் கறுப்பு அல்லது மாநிறம். யானை மாதிரி விலங்கில் ஏறி வருகிறார்கள். தோற்பதற்கென்றே வருகிறார்கள். இதைப் படிக்கும்போது நம்மில் பல பேருக்கு நெஞ்சில் ஏதோ இடறும், இடற வேண்டும்.

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இடறியது. காரணம் சித்தூர். கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோவிலில் கொங்கன் படை நடக்கும்போது இங்கே இருக்கிற எல்லோரும் போயிருப்போம். கொங்கு அரசன் படையெடுத்து வந்தான், ஊர் ஜனம் பகவதியிடம் முறையிட்டது, அம்மன் அவனை முடித்தாள் என்பது கதை. வருஷா வருஷம் கொங்கன் வருவான், வருஷா வருஷம் தோற்பான். எங்கள் முன்னோர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த கொங்குக் குடிகள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று, அந்த அம்மனைக் கும்பிட்டு, கொங்கன் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். பகவதி எனக்கும் தாய்தான், விழாவும் என் விழாதான். ஆனால் அந்தப் படையில் வந்த சிப்பாய் எந்த ஊர்க்காரன், அவனுக்கு என்ன பேர் என்று ஒரு கேள்வி உள்ளே கிடந்தது.

அந்தக் கேள்வியை இரண்டாம் பாகத்தில் ஒரு தோட்டக்காரன் கேட்கிறான், ஃபிரோடோவோடு போகிற சாம். நான்காம் பகுதி, நான்காம் அத்தியாயம். இத்திலியன் காட்டில் காண்டார் நாட்டு வீரர்கள் எதிரிப் படையைப் பதுங்கித் தாக்குகிறார்கள். தென்தேசத்து வீரன் ஒருவன் ஓடிவந்து சாம் மறைந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே குப்புற விழுகிறான். கழுத்தில் தங்கப் பட்டைக்குக் கீழே பச்சை இறகு வைத்த அம்புகள். கிழிந்த சிவப்பு உடை. மாநிறக் கை, ஒடிந்த வாளின் பிடியை இன்னும் விடவில்லை. முகம் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று என்று சாம் நினைக்கிறான். இவன் பேர் என்ன, எங்கிருந்து வந்தான், நிஜமாகவே கெட்டவன்தானா, எந்தப் பொய் அல்லது எந்த மிரட்டல் இவனை வீட்டை விட்டு இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவந்தது, அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கவே விரும்பியிருப்பானோ என்று யோசிக்கிறான். உடனே அந்தப் பெரிய விலங்கு மரங்களை முறித்துக்கொண்டு வந்துவிடுகிறது, சாம் வாயைப் பிளந்து பார்க்கிறான், யோசனை அறுந்துபோகிறது.

முதல் உலகப் போரில், 1916-இல், சோம் போர்க்களத்தில் நின்ற ஒருவரின் எழுத்து இது. 1918 முடிவதற்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் பறிகொடுத்தவர்.

ஒரு பத்தி போதுமா என்று எதிர்க்கட்சி கேட்கிறது. போதாது. நான் அவர்களோடு நிற்கிறேன். அந்த வீரனுக்கு மூன்று பாகத்திலும் வாய் கிடையாது. எதிரிப் படையின் அரக்க இனமான ஓர்க்குகளின் நிலைமை இன்னும் மோசம். அவர்களில் இரண்டு பேர், ஷாக்ராட்டும் கோர்பாகும், போர் முடிந்ததும் நம்பிக்கையான நாலு பையன்களோடு எங்காவது போய்விடலாம், மேலே பெரிய தலைகள் இல்லாமல் இருக்கலாம் என்று பேசிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு, அடுத்த போரில் அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதைப் படித்துக் கைதட்ட என்னால் முடியவில்லை. ஓர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களுக்கு ஆன்மா உண்டா, மீட்சி உண்டா என்று டோல்கீன் கடைசி வரை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். ஒரு முடிவுக்கு வராமலேயே 1973-இல் இறந்தார். அந்தக் குறிப்புகளை மகன் கிறிஸ்டோபர் பிறகு பதிப்பித்தார்.

ஆகவே இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க நான் வரவில்லை. கிழித்துப் போடுகிறவர்கள் நன்றாகவே கிழிக்கலாம். ஆனால் பாம்படில் வீட்டு வாசலோடு திரும்பி வந்துவிட்டு, எதிரிக்கு முகமே இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தத் தென்தேசத்து வீரன் இரண்டாம் பாகத்தின் பின்பாதியில் கிடக்கிறான், அதுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள். கொண்டாடுகிறவர்களிடம் நான் கேட்பது வேறு. எயோவின் வெட்டுகிற பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறீர்களே, அடுத்த கூட்டத்தில் ஷாக்ராட், கோர்பாக் பேசுகிற பக்கத்தையும் அதே குரலில் படியுங்கள். நான்காம் பகுதி, பத்தாம் அத்தியாயம். அதைப் படித்த பிறகு பேச வேண்டியது நிறைய இருக்கிறது. நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.