லெதர் கோரல் சுருங்கிவிட்டது, எத்தனை மாத்திரை போடலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். “அண்ணா, பவளம் வளர்க்கும் என் ரீஃப் டேங்கில் லெதர் கோரல் நாலு நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு படலம். பக்கத்தில் இருக்கும் ஜோவா என்ற பொத்தான் பவளமும் பாதி மூடிவிட்டது. எந்த ஆன்டிபயாடிக் போடலாம், எத்தனை மாத்திரை?” அந்த ‘எத்தனை மாத்திரை’ என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் இன்றைக்கு இந்த ஒரு கேள்விதான்.

முதலில் லெதர், அதாவது தோல் மாதிரி இருக்கும் மென்பவளம். தம்பி, படத்தில் தெரிவது நோய் இல்லை, தோல் உரிக்கிறது. லெதர் கோரல் அவ்வப்போது இப்படிச் செய்யும். பூ மாதிரி விரியும் சின்னச் சின்ன பாலிப்பை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே பளபளவென்று ஒரு படலம் வரும். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் அப்படியே இருக்கும். படலத்தோடு சேர்ந்து மேலே படிந்த பாசி, அழுக்கு எல்லாம் கழன்று போகும். நீங்கள் செய்ய வேண்டியது, தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைப்பது, அவ்வளவுதான். நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி வைக்காதீர்கள். கையால் உரித்தும் விடாதீர்கள்.

சரி, எதை நோய் என்று சொல்வது? சதை ஓரிடத்தில் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகும், வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் அடிக்கும், நேற்று இருந்ததைவிட இன்றைக்குப் பரவியிருக்கும். அப்போது தாமதிக்கக் கூடாது. பம்ப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கொழகொழப்பைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பம்ப் ஓடினால் அது மற்ற பவளங்கள் மேல் போய் ஒட்டும். அப்புறம் லெதரை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீர் நிரப்பிய தனிப் பாத்திரத்தில் வையுங்கள். புது பிளேடால், அழுகல் முடிந்து நல்ல சதை தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி வெட்டுங்கள். பவளத்துக்கென்றே விற்கும் அயோடின் டிப்பில், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் முக்கி, அலசி, திரும்ப வையுங்கள். வெட்டுப்பட்ட லெதர் நச்சுப்பொருள் விடும். அதனால் வெட்டுவது டேங்குக்கு வெளியேதான். சம்பில், அதாவது டேங்க் தண்ணீரை வடிகட்டும் தொட்டியில், நச்சை உறிஞ்சும் கார்பனையும் அன்றைக்கே புதிதாக மாற்றுங்கள்.

ஜோவாவுக்கு வருகிறேன். ராத்திரி விளக்கெல்லாம் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஜோவாவைத் தின்னும் ஒரு சின்ன ஓடில்லாக் கடல் நத்தை உண்டு. எந்த ஜோவாவைத் தின்கிறதோ அதன் நிறமே அதற்கும் வந்துவிடும். பகலில் கண்ணுக்குப் படாது. அடிப்பக்கத்தில் சுருள் சுருளாகக் கண்ணாடி போன்ற முட்டை வைக்கும். டிப் செய்தால் நத்தை சாகும், முட்டை சாகாது. ஆகவே முட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவை திரும்பத் திரும்ப டிப் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஜோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் இருக்கலாம். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். ஜோவா ஒட்டிய கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

இப்போது மாத்திரை. ஃபுளோரிடாவில் 2014-ல் மயாமி பக்கம் கல் பவளங்களின் சதை உதிரும் ஒரு நோய் தொடங்கி, கரீபியன் வரைக்கும் பரவியது. அங்கே அமாக்சிசிலின் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். எப்படி? மருந்தைப் பசை மாதிரி ஒன்றில் குழைத்து, டைவர்கள் உள்ளே போய், ஒவ்வொரு பவளத்திலும் புண்ணின் ஓரமாகப் பார்த்துப் பூசுகிறார்கள். அப்படிப் பூசின பவளத்திலேயே வேறிடத்தில் புதுப் புண் வருவதும் உண்டு. நம் டேங்கில் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற நல்ல பாக்டீரியாவும் சாகும். அப்புறம் மீனும் போகும்.

பழைய வீடியோக்களில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: பவளம் மூடினால் மருந்தைத் தேடாதீர்கள், தண்ணீரில் என்ன மாறியது என்று தேடுங்கள். அண்ணா நகரில் ஒருவர் இரண்டு மூன்று மருந்து வாங்கி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். சம்புக்குள் கைவிட்டுத் துழாவினால், ரிட்டர்ன் பம்ப்புக்குப் பின்னால் ஒரு ஹோஸ் கிளிப் விழுந்து, துருவேறி, தொட்டாலே உதிர்ந்தது. அதை எடுத்து, கார்பன் மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினோம். வேறு எதுவும் செய்யவில்லை. பவளம் திறந்தது.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில். அக்னி நட்சத்திரத்தில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத டேங்க் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். பவளத்துக்கு 25, 26 போதும். சூடு ஏறினால் சதைக்குள் இருக்கும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளி வெளுத்துப் போகும். ஃபேன் வைத்துச் சமாளிக்கிறேன் என்பார்கள். கடலோரப் புழுக்கத்தில் ஆவியாதல் குறைவு, அதனால் ஃபேன் குளிர்விப்பதும் குறைவுதான். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அப்படியே இருக்கும். ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றினால், 1.025-ல் இருக்க வேண்டிய உப்பின் அடர்த்தி அளவு 1.028-க்கு ஏறிவிடும். ஈடு செய்ய ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நீலாங்கரை, கோவளம் பக்கம் கடல் தண்ணீர் பிடிப்பவர்களே, ஐப்பசி கார்த்திகை மழையில் பிடிக்காதீர்கள். ஆற்று வெள்ளமும் சாக்கடையும் கலந்து, உப்பு குறைந்து கிடக்கும்.

தம்பி, இதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு, அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்: “வாங்குகிற அன்றைக்கு என்ன பார்க்க வேண்டும்?” முக்கால்வாசி நோயும் பூச்சியும் கடைப் பையோடுதான் வீட்டுக்குள் வருகிறது. கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கினாலும் சரி, நண்பர் கொடுத்தாலும் சரி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், டிப் செய்யுங்கள், தனிச் சின்னத் தொட்டியில் ஒரு மாதம் வைத்த பிறகே டேங்குக்குள் விடுங்கள். அதற்கும் முன்னால், இது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கல் பவளம் அத்தனையும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடா 1986-ல் தேசியப் பூங்கா ஆனது, 21 தீவுகள். 2010-லும் 2016-லும் சூட்டில் வெளுத்துச் செத்தது போக மிச்சம் இருக்கும் பவளம் அங்கே இருக்கிறது. அதை உடைத்து எடுத்து வந்து யாராவது மலிவாக நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் அவர்கள் இன்னொன்று உடைப்பார்கள்.

தம்பி, இன்றிலிருந்து காலையும் மாலையும் வெப்பநிலையையும், ஒரு வேளை உப்பளவையும் எழுதி வையுங்கள். கடைசி ஒரு மாதத்தில் டேங்குக்குள் புதிதாக என்ன போனது என்பதையும் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்தும் லெதர் திறக்கவில்லை என்றால் அந்தக் கணக்கையும் ஜோவாவின் அடிப்பக்கப் படத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.