வித்த காரும் விடாத நெனப்பும்

(எங்க பழைய கார் சங்கத்தோட ஆண்டுக் கூட்டத்துல பேசினது. பேசினத பேசின மாதிரியே டைப் பண்ணிருக்கேன், அங்கங்க இழுவையா இருக்கும், பொறுத்துக்கோங்க.)

மேடையில அமர்ந்திருக்கற தலைவர் ஐயா அவர்களே, துணைத்தலைவர் அம்மா அவர்களே, சந்தா பாக்கி யார் யாருன்னு இப்பவே ஒரு லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருக்கற பொருளாளர் அவர்களே, எனக்கு முன்னாடி பேசி என்னோட நேரத்தையும் சேத்தே பேசி முடிச்ச முன்னாள் தலைவர் அவர்களே (ஐயா மேல கோவம்லாம் இல்ல, அவர் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம், கேட்டுக்கிட்டே தான் இருந்தோம்), சிறப்பு விருந்தினரா வந்திருக்கற, நம்ம எல்லார் வண்டிக்குள்ளயும் ஒரு தடவையாவது கைய விட்டிருக்கற மூத்த மெக்கானிக் ஐயா அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பேர் விட்டுப்போனவங்க மன்னிக்கணும், செயலாளர் பேர விட்டுட்டேன்னு இப்ப தான் ஞாபகம் வருது, செயலாளர் அவர்களே வணக்கம்.

எனக்கு குடுத்த தலைப்பு "வித்துட்டு வருத்தப்படற கார்கள்". இதுல நாலு விஷயம் பேசலாம்னு குறிச்சுட்டு வந்திருக்கேன். ஏன் விக்கிறோம், வித்தப்புறம் ஏன் வலிக்குது, விக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், வித்தத திரும்ப எப்படி வாங்கறது. நாலுக்கும் சேத்து ஒரே பழமொழி போதும், நிழலோட அருமை வெயில்ல தான் தெரியும். இத நான் போன வருஷமும் சொன்னேன்னு பின்னாடி யாரோ முணுமுணுக்கறீங்க, இந்த வருஷமும் வெயில் அடிக்குதே, என்ன பண்றது.

முதல்ல ஏன் விக்கிறோம். யாரும் கார் பிடிக்காம விக்கறதில்லங்க. கிளட்ச் போச்சு, அதே வாரம் ஹெட் கேஸ்கெட்டும் போச்சு, மெக்கானிக் எழுதிக் குடுத்த தொகை காரோட மதிப்பையே தொடுது, வீட்ல குழந்தை பொறந்துருக்கு, ரெண்டு டோர் வண்டியில பின் சீட்டுக்கு குனிஞ்சு குழந்தைய உள்ள வைக்க முடியல, ஷோரூம்காரன் போன் பண்ணி பழச குடுத்துட்டு புதுச எடுங்கன்றான், அவ்ளோ தான், சாவி கை மாறிடும். அன்னிக்கு நிம்மதியா கூட இருக்கும். வலி ஒரு மூணு நாலு வருஷம் கழிச்சு ரோட்ல அதே மாடல் ஒண்ணு கிராஸ் ஆகும்போது தான் ஆரம்பிக்கும்.

இங்க ஒரு கணக்கு இருக்கு, கவனிங்க. கார் பொதுவா பத்துலருந்து இருபது வயசுக்குள்ள இருக்கும்போது தான் விலை அடிமட்டத்துல கிடக்கும். பழசுன்னு பேர் வந்துரும், அரிய வண்டின்னு பேர் வந்திருக்காது. அந்த நேரத்துல எல்லாரும் தள்ளி விடறான், பாதிக்கு மேல காயலான் கடைக்குப் போகுது. அதுக்கப்புறம், சின்ன வயசுல அந்த கார் போஸ்டர சுவத்துல ஒட்டி வச்சிருந்த பையனுக்கு நாப்பது வயசாகுது, கையில காசு வருது, தேட ஆரம்பிக்கறான், மிச்சம் இருக்கறதே கொஞ்சம், விலை ஏறுது. அதாவது நாம எப்ப விக்கக் கூடாதோ கரெக்டா அப்ப தான் விக்கிறோம். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர்னு ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், அதோட ஆர்32 மாடல் 1989ல வந்தது. அமெரிக்காவுல 25 வருஷம் ஆன வண்டிய அந்த ஊர் பாதுகாப்பு விதிக்கு மாத்தாமலே உள்ள கொண்டு வரலாம், அதனால 2014லருந்து ஜப்பான்ல சும்மா நின்ன வண்டியெல்லாம் கப்பல் ஏற ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி வருஷம் வித்தவன் நெலமைய யோசிச்சுப் பாருங்க.

பணத்த விடுங்க, வலி பணத்துல இல்ல. மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989ல வந்த முதல் தலைமுறை, எடை ஒரு டன் கூட கெடையாது. வளைவுல திருப்பினா ரோடு என்ன சொல்லுதுன்னு ஸ்டியரிங் வழியா விரலுக்கு வந்துரும். ஹோண்டா எஸ்2000, ரெண்டு லிட்டர் இன்ஜின், டர்போ கெடையாது, முதல்ல வந்த மாடல் நிமிஷத்துக்கு 9000 சுத்து (ஆர்பிஎம்) வரைக்கும் கத்தும், 2009ல நிறுத்திட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த பேர்ல அடுத்தது வரல. மெர்சிடிஸ் டபிள்யூ123, 1976லருந்து பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டி, அதுல டீசல் வச்சிருந்தவன் எவனும் அது ஓடாம போச்சுன்னு விக்கல, அலுத்துப் போய் வித்தான். இதுங்கள வித்துட்டு புது வண்டி எடுத்தவங்க சொல்றத கேளுங்க, புது வண்டியில குறையே இல்லம்பாங்க. குறையே இல்லாத வண்டிய பத்தி ராத்திரி பதினோரு மணிக்கு எவன் பேசுவான். நிழலோட அருமை, ஆமா, வெயில்ல தான்.

இப்ப என் நண்பர் ஒருத்தர் கதை. அவர் இங்க தான் உக்காந்திருக்கார், எந்த வரிசைன்னு சொல்ல மாட்டேன், சிரிக்காம இருக்கறவர் தான் அவர்னு வச்சுக்கோங்க. அவர்கிட்ட ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இருந்துது. வித்துட்டார். வித்து ஒரு மாசத்துல அலமாரிய தொடைக்கும்போது இன்னொரு சாவி கெடைச்சுது, ஐயோ பாவம் அவங்களுது நம்மகிட்ட இருக்கேன்னு எடுத்துக்கிட்டு போனார். போனவர் காரையும் ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு வந்தார். அடுத்து ஜாக்கு. அடுத்து ஓனர் புக்கு. அந்த புக்க வேணும்னே தான் குடுக்காம வச்சிருந்தார்னு எனக்கு சந்தேகம். எல்லாம் தீந்து போச்சு, இனிமே போக சாக்கு இல்ல, மனுஷன் வாடிப்போய்ட்டார். அப்ப தான் வாங்கினவரே போன் பண்றார். "சார், கண்ணாடிக்கு தண்ணி பீச்சறது வேலை செய்யல, மெக்கானிக் மோட்டார தேடறார், மோட்டாரயே காணோம், நீங்க கழட்டிட்டீங்களா?"

நம்மாளுக்கு உயிர் வந்துருச்சு. ஏன்னா பழைய பீட்டில்ல தண்ணி பீச்ச மோட்டாரே கெடையாது. முன்னாடி வச்சிருக்கற ஸ்டெப்னி டயர்லருந்து ஒரு ட்யூப் வந்து, அந்த டயர் காத்தோட அழுத்தத்துல தான் தண்ணி பீச்சும். ஸ்டெப்னில காத்து கம்மியானா தண்ணி வராது, டயர மொத்தமா காலி பண்ணிடக் கூடாதுன்னு ஒரு வால்வு நடுவுல நிறுத்திரும். நம்மாள் பம்ப எடுத்துக்கிட்டு ஓடினார், காத்து அடிச்சார், பட்டன அமுக்கினார், தண்ணி பீச்சி வாங்கினவர் சட்டையெல்லாம் நனைஞ்சுது, ரெண்டு பேரும் அன்னிக்கு தான் ஃப்ரெண்ட் ஆனாங்க. அடுத்து அந்த வீட்டு தாத்தா கேக்கறார், ரேடியேட்டர்க்கு எங்க தண்ணி ஊத்தறதுன்னு. பின்னாடி இருக்கறது காத்துல குளிர்ற இன்ஜின், ரேடியேட்டரே இல்லன்னு இவர் சொல்றார், அவர் நம்பல, ரேடியேட்டரயும் கழட்டி வித்துட்டான்னே நெனச்சுக்கிட்டார். ஃபேன் பெல்ட் போனா இன்ஜினுக்கு காத்து போகாது, சிவப்பு லைட் எரிஞ்சா அப்படியே நிறுத்துங்கன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார். கடைசியில தைரியத்த வரவழைச்சுக்கிட்டு, வண்டிய திருப்பிக் குடுத்துடுங்க, நீங்க குடுத்ததுக்கு மேலயே தரேன்னார். வாங்கினவர் தர மாட்டேன்னுட்டார், என் பொண்ணுக்கு ரொம்ப பிடிச்சு போச்சுன்னார். இப்ப நிலவரம் என்னன்னா, அயிஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா அந்த கார் இன்ஜினோட வால்வு இடைவெளிய (டேப்பட்) அட்ஜஸ்ட் பண்றது நம்மாள் தான், ஞாயித்துக்கிழமையில, அவங்க வீட்டு வாசல்ல, கார் தொடைக்கற துணியோட. நம்மாளோட சம்சாரம், நம்ம கார அவர் இப்படி தொடைச்சு நான் பாத்ததில்லன்றாங்க. சிரிங்க சிரிங்க, மேடையில இருக்கறவங்களும் சிரிக்கலாம், முன்னாள் தலைவர் சிரிச்சுட்டார்.

இது சாதாரண மனுஷனுக்கு மட்டும் வர்ற நோய் இல்ல. ஸ்டீவ் மெக்வீன், ஹாலிவுட் நடிகர், அவர்கிட்ட ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் ஒண்ணு இருந்துது. ரேஸுக்கு செஞ்ச டி-டைப்ப ரோட்டுக்கு மாத்தினது. 1957 பிப்ரவரியில ஜாகுவார் ஃபேக்டரியில தீ பிடிச்சு மிச்சம் எரிஞ்சு போனதால மொத்தமே 16 தான் வெளிய வந்துது. அதுல ஒண்ண அறுபதுகளோட கடைசியில வித்தார், மனசு கேக்கல, 1977ல திரும்ப வாங்கிட்டார், 1980ல சாகற வரைக்கும் வச்சிருந்தார். நம்ம நண்பருக்கும் அவருக்கும் வித்தியாசம், வாங்கினவர் வீட்ல பொண்ணு இல்ல, அவ்ளோ தான்.

அந்த ஜாகுவார் கதைக்கு ஒரு வால் இருக்கு, நான் இன்னிக்கு பேச வந்ததே அந்த வால தான். எரிஞ்சு போன ஒம்பது கார புதுசா செஞ்சு தரப் போறோம்னு 2016ல அதே கம்பெனி அறிவிச்சுது, பழைய முறையிலயே. கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழிச்சு ஒரு முழு கார செய்ய முடியுது. அப்ப என்னோட கார் டோர் பீடிங் ரப்பர், என்னோட டெயில் லாம்ப் கண்ணாடி, அத ஏன் செய்ய முடியாது? முடியாதுன்னு இல்லங்க, மனசு இல்ல. ஐயா மாருங்களே, நாம யாரும் கார விக்கல, ஸ்பேர்ஸ் இல்லாம நம்மள விக்க வைக்கறாங்க. ஹெட்லாம்ப் ஒண்ணு கெடைக்காம நல்லா ஓடற வண்டிய கழிச்சுக் கட்டினவங்க இந்த ஹால்ல எத்தன பேர், கை தூக்குங்க. பாத்தீங்களா.

செய்யறவனும் இருக்கான், அதையும் சொல்லணும். நிசான் 2017லருந்து ஆர்32க்கு பழைய பாகத்த திரும்ப செஞ்சு தருது. அதே வருஷம் மாஸ்டா முதல் எம்எக்ஸ்-5 வண்டிகள புதுப்பிச்சு தர திட்டம் அறிவிச்சுது. டொயோட்டா 2020ல தன் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஆரம்பிச்சுது. ஆனா இதெல்லாம் பெரும்பாலும் பேர் வாங்கின ஸ்போர்ட்ஸ் காருக்கு தான், குடும்பத்த சுமந்த சாதாரண வண்டிக்கு செய்யறவன் கம்மி. அரசாங்கங்க பங்குக்கு 2009ல என்ன பண்ணுச்சு தெரியுமா, அமெரிக்காவுல பழச குடுத்தா புதுசுக்கு காசுன்னு கிட்டத்தட்ட 6,77,000 வண்டிய வாங்கி, இன்ஜின் ஆயில எடுத்துட்டு சோடியம் சிலிகேட்ட ஊத்தி ஓட விட்டு இன்ஜின இறுக வச்சாங்க, யாரும் எடுத்து திரும்ப ஓட்டிடக் கூடாதுன்னு. ஜெர்மனியிலயும் அதே வருஷம் இதே மாதிரி திட்டம், ஏறக்குறைய இருபது லட்சம் கார். புகை கம்மியாகும், விபத்துல உயிர் பொழைக்கும்னு சொன்னாங்க, அதுல நியாயமும் இருக்கு, ஏர்பேக் இல்லாத வண்டி ஏர்பேக் இல்லாத வண்டி தான், அத பத்தி தனியா ஒரு கூட்டம் போடணும், போடுவோம். ஆனா ஓடற இன்ஜின கண்ணு முன்னாடி கொல்றது, மெக்கானிக் ஐயா, உங்களால பாக்க முடியுமா? தலைய ஆட்டறார் பாருங்க.

அதனால நம்ம கோரிக்கை ரெண்டே ரெண்டு. எந்த மாடலா இருந்தாலும் கம்பெனி பாகம் செய்யறத நிறுத்தினா, அதோட வரைபடத்த வெளிய விடணும், எவன் வேணா செஞ்சுக்கட்டும். சர்வீஸ் புத்தகமும் எல்லாருக்கும் கெடைக்கணும். 2012ல அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ்ல மக்கள் ஓட்டுப் போட்டு, கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு குடுக்கற ரிப்பேர் தகவல வெளி மெக்கானிக்குக்கும் குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, அதனால இது நடக்காத காரியம் இல்ல. நிழல வெட்டிட்டு வெயில்ல நின்னு பழமொழி சொல்லிட்டிருக்க எனக்கே அலுத்துப் போச்சு.

சீட்டு வந்துருச்சு, "முடிக்கவும்"னு எழுதியிருக்கு, அடியில ரெண்டு கோடு போட்டிருக்கு. மூணாவது நாலாவது விஷயம் அடுத்த கூட்டத்துல. நடுவுல யாராவது விக்கறதா இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, ஒரு மணி நேரம் பேசினா மனசு மாறிடும்.

அந்த ரெண்டு கோரிக்கைக்கான மனு வாசல் பக்கத்து மேசையில இருக்கு. கையெழுத்துக்கு பக்கத்துல கார் மாடல், வருஷம், எந்த பாகம் கெடைக்கலன்னு தெளிவா எழுதுங்க, "எல்லா பாகமும்"னு எழுதாதீங்க, மனுவ வாங்கற ஆள் அப்படியே மடிச்சு வச்சுருவான். வித்துட்டவங்க வித்த காரோட விவரத்த எழுதுங்க, அதுவும் செல்லும். முதல் கையெழுத்து முன்னாள் தலைவர் ஐயா போடணும்னு கேட்டுக்கறேன், ஐயா, கொஞ்சம் சின்னதா போடுங்க, கீழ இடம் வேணும்.