பாலாற்றின் இரு கரையிலும் ஒரே கண்காட்சி

வணக்கம் நேயர்களே. நம் வேலூரில் ஓவியக் கூடம் என்று சொன்னால் பெரிய மாளிகையை நினைக்க வேண்டாம். ஓவிய வகுப்பு நடக்கிற மாடி, பிரேம் கடையின் முன்பக்கம், யாரோ வாடகை வாங்காமல் விட்டுத்தந்த ஹால், அவ்வளவுதான். காட்பாடியில் ஒன்று, சத்துவாச்சாரியில் ஒன்று, கொசப்பேட்டையில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து அரசியல் பேசும் கூட்டுக் கண்காட்சி போடலாமா? தாராளமாகப் போடலாம்.

கருப்பொருளைத் தேடி அலையவும் வேண்டாம். பாலாறு இருக்கிறது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரம் வழியாக நம்மிடம் வந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிற ஆறு. தடுப்பணை, மணல், தோல் கழிவு என்று இதில் எதைத் தொட்டாலும் அரசியல்தான். காட்பாடிக் கூடத்தைப் பார்த்துவிட்டு வேலூர்ப் பக்கம் வருகிறவர் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆற்றையும் பார்த்துக்கொண்டே வருவார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூடத்துக்கு ஒரு கட்சி என்று பிரித்துவிடாதீர்கள். விவசாயி பக்கம் பேசுகிற படமெல்லாம் ஒரு கூடத்தில், தோல் தொழிலாளி பக்கம் பேசுகிற படமெல்லாம் இன்னொரு கூடத்தில் என்றால், பார்க்க வருகிறவர் தனக்குப் பிடித்ததை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கலந்து மாட்டுங்கள். எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு படங்கள் ஒரே சுவரில் இருக்கட்டும்.

அடுத்தது விவரச்சீட்டு. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சின்னத் தாள்தானே என்று கடைசி ராத்திரி எழுதுகிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் வரைந்தது, அளவு (உயரம் முதலில், அகலம் பிறகு, சென்டிமீட்டரில்) என்று எழுதியபின், இரண்டே வரியில் நடந்ததைச் சொல்லுங்கள். 'ஆற்றைக் கொன்ற பாவிகள்' என்று எழுதினால் அது கோஷம். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.' இதை யாரும் மறுக்க முடியாது. அதே தீர்ப்பு தோல் தொழில் வேலையும் அந்நியச் செலாவணியும் தருவதையும் சொல்கிறது. தொழிலாளி படத்துக்குக் கீழே அந்த வரியைப் போடுங்கள். ஒரே தீர்ப்பு, இரண்டு படங்களுக்கும் பொருந்துகிறது. மறுபடியும் சொல்கிறேன்: கோபம் படத்தில் இருக்கட்டும், சீட்டில் தேதியும் தொகையும் இருக்கட்டும்.

சீட்டில் எழுத்தின் அளவு 20 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது. பளபளக்கிற தாள் வேண்டாம், டியூப் லைட் பட்டால் ஒன்றும் படிக்க முடியாது.

மாட்டும்போது, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலம். மூன்று கூடத்திலும் அதே அளவு. சுண்ணாம்புச் சுவரில் இருபக்க டேப் நிற்காது, பொருக்கோடு பெயர்ந்து வரும். ட்ரில் போட்டு, பிளக் இறக்கி, திருகாணி முடுக்குங்கள். பெரிய படத்துக்கு இரண்டு கொக்கி. மேற்குச் சுவர் சாயங்காலம் வரை சுடும், காகிதத்தில் வரைந்த படங்களை அங்கே மாட்டாதீர்கள். ஜன்னல் வெயிலும் அவற்றுக்கு ஆகாது.

கூடம் விட்டுக் கூடம் படம் போவது பெரும்பாலும் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் இளகும். பபிள் ராப்பின் குமிழ் படத்தின் பக்கம் பார்த்திருந்தால், பிரிக்கும்போது படம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். அது போகவே போகாது. அதனால் முதலில் கேக் தட்டில் போடுகிற ஒட்டாத பட்டர் பேப்பர், அதன் மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம். படங்களை நிறுத்தி வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கப் போடாதீர்கள்.

இனி, 'அந்தப் படத்தை எடு' என்று யாராவது வந்து நின்றால்? காவலுக்கு உட்கார்ந்திருக்கிற கல்லூரிப் பிள்ளை பயந்து கழற்றிவிடும். பாவம், அதன் மேல் தப்பில்லை. திறப்பதற்கு முன்பே மூன்று கூடத்தாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: மூவரும் சம்மதிக்காமல், ஓவியரிடம் சொல்லாமல் எந்தப் படமும் இறங்காது. ஆபத்து என்றால் அன்றைக்குக் கூடத்தைப் பூட்டலாம், படம் சுவரிலேயே இருக்கும். அதிகாரிகள் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையையும் தருகிறது, அதன் வரம்பையும் சொல்கிறது. இரண்டையும் படித்துவிட்டுப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கூடாது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிற நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பணக் கணக்கை விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிக்கொள்கிறேன். விற்ற படத்தில் கூடத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை முன்பே எழுதிவிடுங்கள். வண்டி, பல்பு, அச்சுச் செலவை மூன்று பங்காக்கி, கூடத்துக்கு ஒரு பங்கு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். படத்தை வாங்கும்போதும் திருப்பும்போதும் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்து, ஓவியரிடம் கையெழுத்து வாங்குங்கள். நன்றி, வணக்கம்.