ஸ்ரிக்கருக்குக் கொடுக்கும் காசு

அன்புசால் நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் பாடசாலைத் துடுப்பாட்டப் (கிரிக்கெட்) பருவமும் பிறந்துவிடுகிறது. 1904 ஆம் ஆண்டு தொடங்கிய, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் போர் என்னும் ஆட்டத்தைப் பார்த்து வளராத பையன்கள் இங்கே குறைவு. அந்த ஆசையோடு ஒருவன் கடினப்பந்து அணியில் இடம்பிடித்ததும், தொலைக்காட்சியில் கண்ட ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அந்தத் துடுப்புத்தான் வேண்டுமென்று வீட்டில் கேட்கிறான். விலையைக் கேட்ட தகப்பன் திகைத்துப் போகிறார். பாடசாலை அணியொன்றுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த காலத்தில், அப்படித் திகைத்து வந்த பெற்றோர் பலரோடு நான் பேசியிருக்கிறேன். அவர்களுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நல்ல துடுப்பைப் பெயர் இல்லாமலே, செய்கின்ற பட்டறையிலிருந்து நேரே வாங்கலாம். ஆனால் அப்படி வாங்குபவருக்கு மரத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உயர்ந்த துடுப்புகள் எல்லாம் இங்கிலிஷ் வில்லோ என்னும் மரத்தில் ஆனவை. அது பெரும்பாலும் இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபொக் பகுதிகளில் வளர்க்கப்பட்டு, பதினைந்து இருபது ஆண்டுகளில் தறிக்கப்பட்டு, ஆப்புவடிவத் துண்டுகளாகப் பிளக்கப்பட்டு, உலகெங்கும் உள்ள பட்டறைகளுக்குக் கப்பலேறுகிறது. அத்துண்டுகளில் பெருந்தொகை போய்ச் சேரும் இடம் இந்தியா. உத்தரப் பிரதேசத்து மீரட்டும் பஞ்சாபின் ஜலந்தரும் இத்தொழிலின் தலைநகரங்கள். 1947 இல் நாடு பிரிந்தபோது, இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டிலிருந்து வந்து குடியேறிய கைவினைஞர்களாலேயே இவ்விரு நகரங்களிலும் விளையாட்டுப் பொருள் உற்பத்தி பெரிதாக வளர்ந்தது. சியால்கோட்டிலும் அத்தொழில் இன்றுவரை செழிப்பாகவே நடக்கிறது. இங்கிலாந்தின் பழைய நிறுவனங்கள் சில, தங்கள் முதல்தர வகைகளை மட்டும் சொந்தப் பட்டறையில் செய்துகொண்டு, விலை குறைந்த வகைகளை இந்தியாவிலேயே செய்விக்கின்றன. ஆகவே, இலண்டனிலிருந்து மாமா வாங்கி அனுப்பிய துடுப்பு உண்மையில் மீரட்டில் பிறந்து, இலண்டனைச் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்ததாகவும் இருக்கலாம். அந்தச் சுற்றுப் பயணத்தின் செலவு, பெயருக்கு உரியவரின் இலாபம், விளம்பரம், இறக்குமதியாளர், முகவர், கடைக்காரர் என்று ஒவ்வொருவரின் பங்கும் விலைச்சீட்டில் ஏறுகிறது. மரத்தின் தரத்தில் இவற்றுள் எதுவும் ஏறுவதில்லை.

துடுப்பின் முகத்தில் ஒட்டியுள்ள பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சச்சின் டெண்டுல்கரின் துடுப்பில் நீண்டகாலம் இருந்த எம்.ஆர்.எஃப் என்ற எழுத்துகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு டயர் நிறுவனத்துக்கு உரியவை. டயர் செய்பவர்கள் வில்லோவைச் சீவுவதில்லை. அது விளம்பரத்துக்குக் கொடுத்த இடம். துடுப்பைச் செய்தவர்கள் வேறு. சர்வதேச வீரர் பலர் தமக்குப் பிடித்த ஒரு தச்சரிடம் துடுப்பைச் செய்வித்து, பணம் தருகின்ற நிறுவனத்தின் ஸ்ரிக்கரை அதன்மேல் ஒட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த நடைமுறை. எங்கள் பிள்ளைகள் மட்டும் ஸ்ரிக்கரை நம்பி மரத்தை வாங்குகிறார்கள்.

கனடாவில் கோல்ஃப் ஆடப் பழகிவிட்ட உறவினர் சிலர், பெரிய பெயர்களை விட்டு, தொழிற்சாலையிலிருந்து நேரே விற்கப்படும் கோல்ஃப் மட்டைகளை வாங்கி மிச்சம் பிடிப்பதாகப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களின் கணக்குச் சரியானதே. கோல்ஃப் மட்டைகளின் உலோகத் தலைகளில் மிகப் பெரும்பகுதி, எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும், சீனா, தாய்வான், வியட்நாம் ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளில்தான் உருவாகிறது. ஆனால் அங்கே உள்ள ஒரு வசதி எங்களுக்கு இல்லை. ஒரே அச்சில் வார்த்த உலோகத் தலைகள் நூறும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வில்லோவிலோ ஒரே மரத்தின் இரு துண்டுகள்கூட ஒன்றுபோல் அடிப்பதில்லை. எனவே, துடுப்பைப் பொறுத்தவரை பெயர் தரும் உத்தரவாதம் கோல்ஃபில் உள்ளதைவிடக் குறைவு. அதேவேளை, பெயரை விட்டவர் தம் கண்ணையும் காதையும் அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

கடைகளில் முதலாம் தரம், இரண்டாம் தரம் என்று சொல்வதன் பொருளைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தரம் பெரும்பாலும் தோற்றத்தை வைத்து இடப்படுவது. முகத்தில் நேரான இழைவரிகள், வெண்மையான நிறம், கறையோ கணுவோ இல்லாமை ஆகியன இருந்தால் அது முதல்தரம். ஓர் ஓரத்தில், வைரம் எனப்படும் மரத்தின் செம்பழுப்பான உட்பகுதி ஓடியிருந்தாலோ, சிறு புள்ளிகள் தெரிந்தாலோ கீழே இறங்கிவிடும். விலையும் கூடவே இறங்கும். ஆனால் அந்தச் செம்பட்டையோ சிறு புள்ளிகளோ பந்து பாய்ந்து செல்வதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. சிக்கனமாக வாங்க விரும்புபவருக்கு என் விருப்பத் தெரிவு, பட்டறையில் இரண்டாம் தரம் அல்லது மூன்றாம் தரம் என்று ஒதுக்கப்பட்ட, பெயரொட்டாத இங்கிலிஷ் வில்லோத் துடுப்புத்தான். இழைவரிகள் நெருக்கமாக நிறைய இருந்தால் துடுப்பு விரைவில் பதப்பட்டு நன்றாக அடிக்கும், ஆனால் சற்று விரைவாகத் தேயவும் கூடும். அகன்ற, குறைந்த வரிகள் உள்ளது பதப்பட நாளெடுக்கும், நெடுநாள் உழைக்கும். பாடசாலைப் பையனுக்கு ஆறு முதல் ஒன்பது வரிகள் தாராளம்.

மரத்தைவிட முக்கியமானது அதை அழுத்திய விதம். வில்லோ இயல்பில் மென்மையான மரம். பட்டறையில் உருளை இயந்திரத்தால் அதன் முகத்தை அழுத்தி இறுக்குகிறார்கள். அழுத்தம் குறைந்தால் பந்து பட்ட இடம் குழியும், கூடினால் பந்து எழும்பாமல் துடுப்புச் செத்துவிடும். இதைக் கண்ணால் அறிய முடியாது. கைபிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, சிறிய கொட்டாப்புளியாலோ பழைய பந்தாலோ முகத்தின் நடுவில் தட்டிப் பார்க்க வேண்டும். பந்து தானாக எழும்பி, கையில் அதிர்வு குறைவாக இருந்தால் அது நல்ல துடுப்பு. அடுத்து, கைபிடி அலகுக்குள் இறங்கும் ஆப்பு வடிவப் பொருத்தைப் பாருங்கள். அங்கே இடைவெளியோ வெடிப்போ பசைத் திட்டோ இருந்தால், எவ்வளவு அழகான வில்லோவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

நிறையைப் பற்றி நான் சற்று வற்புறுத்திச் சொல்வேன். 2017 ஒக்ரோபர் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி துடுப்பின் விளிம்பு 40 மில்லிமீற்றரையும் மிகத் தடித்த இடத்தின் பருமன் 67 மில்லிமீற்றரையும் தாண்டக்கூடாது. அகலத்தின் எல்லை முன்பிருந்தே 108 மில்லிமீற்றர். தடித்த விளிம்பைக் கண்டு மயங்கும் பையன்கள், தம் மணிக்கட்டு தாங்காத துடுப்பை எடுத்துவிட்டு, வெட்டியடிக்க முடியாமல் தடுமாறுகிறார்கள். ஐந்தடி நான்கங்குல உயரமுள்ளவனுக்கு முழு அளவுத் துடுப்பு வாங்கி, “வளர்ந்துவிடுவான்தானே” என்று சொல்வது சப்பாத்துக்குப் பொருந்தலாம், துடுப்புக்குப் பொருந்தாது. அவனுக்கு உரியது, முழு அளவுக்கு ஒரு படி சிறியதான, ஹரோ எனப்படும் அளவு. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இங்கிலிஷ் வில்லோ தேவையில்லை என்பதே என் கருத்து. காஷ்மீரில், ஸ்ரீநகர் நெடுஞ்சாலையோரத்துச் சங்கம் பகுதிப் பட்டறைகளில் செய்யப்படும் காஷ்மீர் வில்லோத் துடுப்புகள் சற்று இறுக்கமானவை, கனமானவை, ஆனால் விலை மிகவும் குறைந்தவை. பயிற்சிக்கு அவை போதும். மென்பந்துக்கு எங்களூர் ஆசாரியார் சீவித் தருவதே போதும்.

எப்படி வாங்குவது? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகின்ற இக்காலத்தில், அங்கே போய் வருபவர் ஒருவரேனும் ஊருக்கு ஊர் இருக்கிறார். மீரட் பட்டறைகள் பல தொலைபேசியிலேயே கட்டளை பெற்று, துடுப்பின் முகம், பக்கம், பொருத்து ஆகியவற்றின் படங்களையும், தராசில் வைத்த படத்தையும் அனுப்பி, சென்னை முகவரிக்குப் பொதி அனுப்புகின்றன. தட்டிப் பார்க்கும் காணொளியையும் கேட்டுப் பெறுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். விமானத்தில் துடுப்பைக் கைப்பொதியில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் போட வேண்டும் என்பதையும் கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனித்தனியே வாங்குவதைவிட, அணியின் பெற்றோர் ஒன்றுசேர்ந்து ஒரே கட்டளையாக எடுத்தால் விலையும் இறங்கும், பொறுப்பாசிரியரோ பயிற்றுநரோ மரத்தைப் பார்த்துத் தெரிவு செய்யவும் முடியும்.

இதில் இழப்பும் உண்டு. கைபிடி முறிந்தால் மாற்றித் தரும் கடை பக்கத்தில் இருக்காது. திருப்பி அனுப்பும் செலவு துடுப்பின் விலையில் பாதியைத் தின்றுவிடும். ஆகவே பட்டறையிலிருந்து வாங்கும்போது மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்கி வைப்பதே புத்தி. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பெயரில்லாத துடுப்பு வேறு, பொய்ப்பெயர் ஒட்டிய துடுப்பு வேறு. புகழ்பெற்ற நிறுவனத்தின் ஸ்ரிக்கரை அச்சடித்து மட்டமான மரத்தில் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய பெயரை நம்ப முடியாத விலையில் எவராவது நீட்டினால், அங்கே நிற்காதீர்கள்.

கடைசியாகக் காலம். புதுத் துடுப்பை வாங்கிய மறுநாளே ஆடுகளத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆளிவிதை எண்ணெயை, பொருத்தில் படாமல், முகத்திலும் விளிம்பிலும் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசி உலரவிட்டு, பின்னர் கொட்டாப்புளியால் மணிக்கணக்கில், முதலில் மெதுவாகவும் பின்பு வலுவாகவும், விளிம்புகள் சற்று உருண்டு வரும்படி தட்டிப் பதப்படுத்த வேண்டும். அதன் பிறகு சில நாட்கள் பழைய பந்துகளோடு மட்டும் பயிற்சி. சோளகம் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே துடுப்பை வைத்தால் மரம் காய்ந்து வெடித்துவிடும். வீட்டுக்குள் குளிர்ந்த அறையில் வையுங்கள். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டுமாதலால், தைமாதத்தில் ஆட வேண்டிய துடுப்புக்கு ஆவணி புரட்டாதியிலேயே கட்டளை கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.