31 என்பது 32-ஐ விடப் பெரியது: பழைய பாக்கெட் ரிவால்வருக்குள் இறங்கிய குண்டின் கணக்கு

முப்பத்தொன்று பெரியதா, முப்பத்திரண்டு பெரியதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும் இந்தக் கேள்விக்கு, பழைய பாக்கெட் ரிவால்வர்களின் உலகத்தில் விடை தலைகீழாக இருக்கிறது. .31 (அதாவது 0.31 அங்குலம்) என்று பெயர் பெற்ற கோல்ட் ரிவால்வருக்குள் இறங்கிய ஈயக் குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.320 அங்குலம், அதாவது 8.13 மில்லிமீட்டர். ஸ்மித் அண்ட் வெசன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் .32 தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டின் விட்டமோ 0.312 அங்குலம், 7.92 மில்லிமீட்டர்தான். பெயரில் சிறியது அளவில் பெரியதாக இருப்பது ஏன் என்பதைப் புதுச்சேரியில் என் மேசை மீதிருக்கும் இந்தக் கோலி சோடா பாட்டிலை வைத்தே விளக்குகிறேன்.

வரலாறு சுருக்கமாக: சாமுவேல் கோல்ட்டின் நிறுவனம் இந்த .31 அளவில் 1849 மாதிரி பாக்கெட் ரிவால்வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றது. மருந்தும் குண்டும் ஒரே கூட்டில் அடங்கிய உலோகத் தோட்டா அதற்குக் கிடையாது. சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தி இறக்கி, பின்பக்கக் காம்பில் ஒரு கேப்பைச் செருக வேண்டும். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் வெடிக்கும் கேப்புக்கும் அதற்கும் வேலை ஒன்றுதான்: தட்டினால் பொறி.

இப்போது பாட்டிலைப் பாருங்கள். உள்ளிருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. கண்ணாடி வளைந்து கொடுக்காது. வளைந்து கொடுப்பது ரப்பர். ரிவால்வர் அறையிலோ ரப்பர் இல்லை, எஃகுச் சுவர் மட்டுமே உண்டு. ஆகவே வளைந்து கொடுக்க வேண்டியது குண்டேதான். அதனால் அறையின் வாயை விட ஒரு மயிரிழை பெரிய குண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நெம்புகோல் அழுத்தும்போது அறையின் விளிம்பு குண்டின் ஓரத்தைச் சீவிவிட, மெல்லிய ஈய வளையம் ஒன்று வெளியே விழும். அந்த வளையம் முழு வட்டமாக விழுந்தால் குண்டு சரியான அளவு என்று பொருள். ஓர் அளவுகருவியும் இல்லாமல் குண்டே தன் அளவுக்குச் சான்று சொல்லும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குண்டு தளர்வாக இருந்திருந்தால், ஓர் அறை வெடிக்கும்போது பக்கத்து அறைக்குள் தீ புகுந்துவிடும். அல்லது அதிர்ச்சியில் குண்டு முன்னே நகர்ந்து உருளையையே சுழலவிடாமல் பூட்டிவிடும்.

சீவுவதற்கு ஈயம் மென்மையாக இருக்க வேண்டும். கடலூர் துறைமுகத்தில் வாங்கிய இந்த வலை ஈயத்தில் நகத்தால் கீறுகிறேன். பளபளவென்று ஒரு கோடு விழுகிறது. டயர் கடையில் கழற்றிப் போட்ட இந்தப் பழைய சக்கர எடையும் ஈயம்தான், ஆனால் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமணி அதில் கலந்திருப்பதால் என் நகம்தான் தேய்கிறது. இத்தகைய கடின ஈயத்தை அறைக்குள் திணித்தால் நெம்புகோல் வளையும்.

அப்படியானால் .31 என்ற எண் எங்கிருந்து வந்தது? குழலின் உட்சுவரில், குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான புரிகளை வெட்டுவதற்கு முன் இருந்த துளையின் அளவு அது. குண்டின் அளவை அது சொல்லவே இல்லை. இதே குழப்பம்தான் .38-க்கும் தாய். .36 கோல்ட் ரிவால்வரின் குண்டு ஏறக்குறைய 0.375 அங்குலம். 1870-களில் அத்தகைய துப்பாக்கிகளை உலோகத் தோட்டாவுக்கு மாற்றியபோது, குண்டும் தோட்டாக் கூடும் ஒரே பருமனில் இருந்தன; பெயர் .38 ஆயிற்று. பிறகு குண்டு முழுவதும் கூட்டுக்குள் அடங்கி 0.357 ஆகச் சுருங்கியது. குண்டு சுருங்கிய பிறகும் பெயர் சுருங்கவில்லை.

எண் ஏமாற்றுவது கோல்ட்டோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படை 1858-இல் ஏற்ற லெஃபோஷோ ரிவால்வரில் தோட்டாவின் பக்கத்திலிருந்து ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதே முறையில் வந்த 5, 7, 9 மில்லிமீட்டர் பாக்கெட் ரிவால்வர்களிலும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இப்படியொன்று இருந்தால், அதில் எதையும் நிரப்பிப் பார்க்காதீர்கள். நூற்றைம்பது வருட எஃகுக்குள் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு தருகிறது. ஆகவே முதலில் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் தெரிவியுங்கள். ஆவணப்படுத்தும் நிலை வந்தபின், குழலை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், உருளையின் எல்லா அறைகளின் வாயையும் வெர்னியர் காலிபரால் தனித்தனியே அளந்து எழுதுங்கள். தேய்மானத்தால் எல்லாம் ஒன்றாக இராது. அவற்றில் மிகப் பெரிய அளவைவிடச் சற்றே பெரியதுதான் அந்தத் துப்பாக்கி ஒரு காலத்தில் கேட்ட குண்டு.